ஓடிடி பட்டியலில் விடுபட்டுப்போகும் படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமைதோறும் தங்கள் நாளிதழில் ‘இந்த வாரம் ஓடிடியில்’ என்றொரு பெட்டிச் செய்தி வருகிறது. அதில் இடம்பெறுபவை நாலைந்து பெரிய தளங்களின் புதுவரவுகள் மட்டும்தான். அவற்றுக்குப் பேருந்தின் முதுகிலிருந்து செல்பேசி அறிவிப்புவரை ஏற்கெனவே விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சுயாதீனப் படங்களும் இசை ஆவணப்படங்களும் அந்தப் பெட்டிக்குள் எட்டிப்பார்ப்பதே இல்லை. இவையெல்லாம் விழாக்களில் மட்டும் காட்டப்படுபவை, நமக்குக் கிடைக்காது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். கிடைக்கின்றன, பல சட்டப்படியும் இலவசமாகவும் கிடைக்கின்றன. எங்கே, எந்தப் பிரதி, எப்படிப் பார்ப்பது என்று எடுத்துச்சொல்லத்தான் ஆளில்லை. தங்கள் நாளிதழ் அதைச் செய்யலாம் என்று கேட்கவே இந்தக் கடிதம். சற்று நீளம்தான், பொறுத்தருள வேண்டும்.

2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கிய பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2023 அக்டோபரில் சோனிலிவ் தளத்துக்கு வந்தது. விருது தலைப்புச் செய்தியானது. படம் வீட்டுக்கு வந்துவிட்ட செய்தி எத்தனை பேரைச் சென்றடைந்தது? கதைப்படங்களின் நிலையே இப்படி என்றால் ஆவணப்படங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இசை ஆவணப்படங்களுக்கு முதலில் போக வேண்டிய இடங்கள் கட்டணமில்லாத பொதுக் காப்பகங்கள். 1939இல் தொடங்கப்பட்ட கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் படங்களில் பெரும்பகுதியைத் தன் இணையதளத்திலேயே இலவசமாக வைத்திருக்கிறது. பாடகர் பால் ஆன்காவைப் பின்தொடர்ந்து 1962இல் எடுக்கப்பட்ட ‘லோன்லி பாய்’ 27 நிமிடம்தான். இசைக் கலைஞர்களைக் கேமரா எப்படிப் பார்க்கலாம் என்பதற்கு இன்றும் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம். அமெரிக்க நாட்டார் இசைக்கு ஃபோக்ஸ்ட்ரீம்ஸ் என்ற தளம் இருக்கிறது. புளூஸ், மலைநாட்டுப் பாடல், தேவாலய இசை என்று ஊர் ஊராக எடுத்த படங்கள் அங்கே பின்னணிக் குறிப்புகளோடு கிடைக்கின்றன. நம் நாட்டில் 1948இல் தொடங்கி, 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனின் யூடியூப் சேனல் ஒரு சுரங்கம். கபீர் பாடல்களைத் தேடி ஷப்னம் விர்மானி எடுத்து 2008இல் வெளியான நான்கு படங்களையும் இணையத்தில் பார்க்கலாம். மால்வா நாட்டார் பாடகர்களில் தொடங்கி எல்லை தாண்டிப் பாகிஸ்தான் கவ்வாலிவரை அவை செல்கின்றன.

தேடுவதில் ஒரு சிக்கல், எழுத்துக்கூட்டல். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்து, 2015ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்ற ஆவணப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஆங்கிலத்தில் ‘Dak’ என்று தட்டித் தேடுவோம். படத்தின் தலைப்பிலோ யாழ்ப்பாண வழக்கப்படி ‘Thed’ என்று பெயர் தொடங்கும். எனவே கலைஞர் பெயரை மட்டும் நம்பாமல் இயக்குநர் பெயர், ஆண்டு ஆகியவற்றையும் சேர்த்துத் தேட வேண்டும். யூடியூபில் தேடல் வடிகட்டியைத் திறந்து ‘20 நிமிடத்துக்கு மேல்’ என்பதைத் தேர்ந்தால் முன்னோட்டத் துணுக்குகளும் ரசிகர் வெட்டித் தைத்தவையும் ஒதுங்கிவிடும். வணிகத் தளங்களில் எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஜஸ்ட்வாட்ச் என்ற தேடல் தளம் உதவும். நாடு ‘இந்தியா’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுக் காப்பகங்களைத் தனியே தேடுவதுதான் நல்லது.

போன மாதம் இருந்த இசை ஆவணப்படம் இந்த மாதம் காணாமல்போவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. இயற்றியவருக்கும் பதிப்பாளருக்கும் உரிய பாட்டு ஒன்று. அதைப் பதிவுசெய்த நிறுவனத்துக்கு உரிய ஒலிப்பதிவு இன்னொன்று. படத்தில் அரை நிமிடம் அந்தப் பாட்டு ஒலிக்க வேண்டுமானாலும் இரண்டு பேரிடமும் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியும் நாடுவாரியாக, ஆண்டுவாரியாக, விழாவுக்குத் தனி, தொலைக்காட்சிக்குத் தனி, இணையத்துக்குத் தனி என்று துண்டு துண்டாக விற்கப்படுகிறது. கையில் காசில்லாத இயக்குநர் விழாவுக்கு மட்டும் வாங்குவார், அல்லது இணையத்துக்குச் சில ஆண்டுகள் மட்டும். கெடு முடிந்ததும் படம் இறங்கிவிடும். ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்ற அறிவிப்பின் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். உங்கள் கருவியின் மேல் குற்றமில்லை.

இதற்கு ராமாயணத்தோடு தொடர்புள்ள ஓர் உதாரணமே இருக்கிறது. அமெரிக்க ஓவியர் நீனா பேலி ஏறத்தாழத் தனியாளாக வரைந்து 2008இல் முடித்த அசைவூட்டப் படம் ‘சீதா சிங்ஸ் த புளூஸ்’. 82 நிமிடம். சீதையின் துயரத்துக்கு 1920களில் ஆனெட் ஹன்ஷா பாடிய ஜாஸ் பாடல்களை அவர் பயன்படுத்தினார். ஒலிப்பதிவுகளால் தொல்லை வரவில்லை. பாட்டுகளின் பதிப்புரிமை உயிரோடு இருந்தது. உரிமையாளர்கள் முதலில் கேட்டது சுமார் 2,20,000 டாலர். பேசிப் பேசி 50,000 டாலருக்கு இறங்கினார்கள், அதுவும் கட்டுப்பாடுகளோடு. கடன்பட்டுப் பணத்தைக் கட்டிய பேலி, படத்தை எவரும் பார்க்கலாம், பகிரலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டார். 2013இல் தன் மிச்ச உரிமையையும் துறந்தார். இன்றும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலிருந்து அதை முறைப்படி இறக்கிக்கொள்ளலாம். இந்தியச் சட்டத்திலும் இதே இரட்டைக் கணக்குத்தான்: ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு, பாட்டுக்கு இயற்றியவர் காலமானதிலிருந்து 60 ஆண்டு. பழைய இசைத்தட்டு என்பதற்காகப் பாட்டும் பொதுச்சொத்தாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தளமே திறக்காமல்போவதும் உண்டு. 2012 மே மாதம் ‘3’ முதலிய படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கப் பெற்ற சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் வைமியோ என்ற வீடியோ தளத்தையே ஒட்டுமொத்தமாக மூடிவிட்டன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றம் ஜூனில் தெளிவுபடுத்திய பிறகுதான் திறந்தது. 2017 ஆகஸ்டில் இன்டர்நெட் ஆர்க்கைவும் இதேபோல் ஒரு நீண்ட பட்டியலில் சிக்கிச் சில நாள் முடங்கியது. சுயாதீன இயக்குநர்களின் கடையே இந்தத் தளங்கள்தான் என்பது தடை கேட்கப் போகிறவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை.

இனி, பிரதி. அதிகாரபூர்வமற்ற ஏற்றங்கள் தானியங்கிச் சோதனையில் மாட்டாமலிருக்கப் படத்தை இடவலமாகத் திருப்புவார்கள், ஓரங்களை வெட்டுவார்கள், வேகத்தைச் சற்றே கூட்டுவார்கள். கச்சேரிப் படத்தில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. மிருதங்கத்தின் கரணையிட்ட வலந்தலை (கறுப்பு வட்டமுள்ள பக்கம்) வித்வானின் இடப்பக்கம் தெரிந்தாலோ, தவில்காரர் வலக்கையில் குச்சி பிடித்திருந்தாலோ, வீணையின் குடம் வாசிப்பவரின் இடப்புறம் போயிருந்தாலோ பிரதி திருப்பப்பட்டது. (பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர், அவர் வாசிக்கும் படத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். பின்னால் தொங்கும் பதாகையின் எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.) நடுவில் சில நிமிடம் படம் ஓடி ஒலி மட்டும் நின்றால் ஸ்பீக்கரைத் தட்ட வேண்டியதில்லை. உரிமை கோரப்பட்ட பாட்டை ஏற்றியவர் மௌனமாக்கியிருப்பார். வேறு பிரதி தேட வேண்டும்.

தினம் 2 ஜிபி திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. யூடியூபின் வழக்கமான ஒலி ஏறக்குறைய 128 கேபிபிஎஸ். மணிக்கு 60 எம்பிகூட ஆகாது. மீதி எல்லாவற்றையும் தின்பது படம்: 1080 தரத்தில் மணிக்கு ஒன்றரை ஜிபிக்கு மேல், 480இல் அரை ஜிபி சுற்றுவட்டாரம். ஒன்றரை மணி நேர ஆவணப்படத்தை 1080இல் பார்த்தால் உச்சகட்ட ஆலாபனையில் திட்டம் தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். அது அந்த ஒலிக்கே போதாது. தரத்தை ‘ஆட்டோ’வில் விடாமல் 480 என்று கையால் வையுங்கள். படமும் ஒலியும் தனித்தனி ஓடைகளாக வருவதால் இசைக்கு எந்தச் சேதமும் இராது. 240க்கும் கீழே இறக்கினால் மட்டும் ஒலியும் மெலிந்ததாக வரக்கூடும். பெரிய கட்டணத் தளங்களில் விலை குறைந்த செல்பேசிகளிலும் ஆண்ட்ராய்டு பெட்டிகளிலும் படம் மங்கலாகவே வருவதற்குக் காரணம் வேறு: அந்தக் கருவிக்கு, நகலெடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் முறையின் ‘எல்1’ சான்று இருக்காது, 480க்கு மேல் தளம் கொடுக்காது. இணைப்பை மாற்றிப் பயனில்லை.

யூடியூபில் 2023 முதல் ‘ஸ்டேபிள் வால்யூம்’ என்று ஒரு வசதி தானாகவே இயங்குகிறது. சன்னமான ஒலியை ஏற்றி, உரத்த ஒலியை அமுக்கும். பேட்டி கேட்க நல்லது, இசைக்குக் கேடு. தம்புரா மட்டும் ஒலிக்கும் இடமும், தாளக் கருவிகள் தனித்து முழங்கும் தனி ஆவர்த்தனத்தின் கடைசி மோராவும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும். பல்சக்கரக் குறியை அழுத்தி அதை அணைத்துவிட வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியின் ‘ஆட்டோ வால்யூம்’, ‘நைட் மோடு’ இரண்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன, அவற்றையும் அணையுங்கள்.

சுருதி விஷயம் இன்னும் நுட்பமானது. திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டகம் ஓடும். நம் பழைய தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. அந்தக் காலத்தில் வீடியோவுக்கு மாற்றும்போது 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிட்டார்கள். படம் 4 சதவீதம் வேகமாகும், சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். 5 கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட ஐந்தரையில் பாடுவதுபோல் கேட்கும்; குரலிலும் ஒரு கீச்சு ஒட்டிக்கொள்ளும். பழைய பதிவைக் கேட்டுவிட்டு ‘அந்தக் காலத்தில் எவ்வளவு உயரச் சுருதி’ என்று வியப்பவர்கள் முதலில் நிமிடக் கணக்கைப் பார்ப்பது நல்லது. மணி கௌல் 1982இல் டாகர் சகோதரர்களை வைத்து எடுத்த ‘துருபத்’ 72 நிமிடப் படம். காட்சி எதுவும் வெட்டுப்படாத பிரதி 69 நிமிடம் காட்டினால் அது 25இல் ஓடுகிறது. யூடியூபில் வேகத்தை 0.95 ஆக்கிச் சரிசெய்யலாமே என்று தோன்றும். பலிக்காது; அது வேகத்தைக் குறைத்தாலும் சுருதியை விடாமல் பிடித்துக்கொள்ளும். முறைப்படி இறக்கிய கோப்பாக இருந்தால் விஎல்சி மென்பொருளில் திறந்து, அமைப்புகளில் ஒலிப் பகுதிக்குப் போய் ‘டைம் ஸ்ட்ரெச்சிங் ஆடியோ’ என்ற குறியை எடுத்துவிட்டு, வேகத்தை 0.96 என்று வையுங்கள். கீழ்ப்பட்டையில் 1.00 என்றிருக்கும் எண்ணை அழுத்தினால் நகர்த்தும் கோடு வரும். அதன்பின் சுருதிப் பெட்டியோடு வைத்துப் பாருங்கள், இறங்கியிருக்கும்.

படச்சட்டத்தின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். பழைய ஆவணப்படங்கள் 4க்கு 3 அளவில் எடுக்கப்பட்டவை. இருபுறமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி. ரிமோட்டில் ‘ஸ்ட்ரெச்’, ‘ஜூம்’ என்று வைத்து திரையை நிரப்பினால் மிருதங்கம் பூசணிக்காயாகிவிடும், அல்லது வாசிக்கும் விரல்கள் வெட்டுப்படும். அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வகை வசதிகளையும் அணைத்துவிடலாம்.

புளூடூத் ஹெட்போனில் ஒலி கால் நொடிவரை பிந்தி வரும். செல்பேசிச் செயலிகள் இதை ஓரளவு ஈடுகட்டுகின்றன. தொலைக்காட்சியில் பெரும்பாலும் அப்படி இல்லை. பேட்டியில் தெரியாது. தவில் படத்தில் அடி விழுந்த பிறகு சத்தம் வரும், அப்புறம் தாளக் கணக்கை எங்கே பின்தொடர்வது? கம்பி ஹெட்போனே மேல். இல்லையென்றால் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் படத்தையும் ஒலியையும் ஒத்துவரச் செய்யும் ‘ஏவி சிங்க்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

சப்டைட்டில் விஷயத்தில் தானியங்கி வரிகளை நம்ப வேண்டாம். பேச்சைக்கூட ஓரளவு பிடிக்கும். பாட்டுத் தொடங்கியதும் ‘இசை’ என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கபீரின் பாட்டில் நமக்கு வேண்டியதே அந்த வரிகள்தாம். படத்தைச் செய்தவர்களே மொழிபெயர்த்துப் பதித்த பிரதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தனிச் சப்டைட்டில் கோப்பு என்றால் அதற்குப் படக்கோப்பின் பெயரையே வைத்து அதே கோப்புறையில் போட வேண்டும். தமிழ் எழுத்துக்குப் பதில் குப்பைக் குறிகள் வந்தால் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் மறுபடி சேமித்தால் சரியாகும். வெறும் கட்டங்களாக வந்தால் எழுத்துருவை மாற்ற வேண்டும். வரிகள் முந்திப் பிந்தி வந்தால் விஎல்சியில் ‘ஜி’, ‘எச்’ விசைகள் ஒவ்வோர் அழுத்தலுக்கும் 50 மில்லிநொடி நகர்த்தும்.

கட்டணம் கொடுத்துப் பார்ப்பவர்கள் பணம் யாருக்குப் போகிறது என்பதையும் பார்க்கலாம். வைமியோவின் வாடகை முறையில், பணப் பரிமாற்றச் செலவு போக 90 சதவீதம் படம் எடுத்தவருக்குப் போகும். மாதச் சந்தாத் தளங்களில் இயக்குநருக்குப் பெரும்பாலும் ஒரு முறை பேசிய தொகைதான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுகூடச் சொல்லப்படுவதில்லை. கல்லூரிகளில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் காட்டுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. வெளியாட்களைச் சேர்த்து மண்டபத்தில் திரையிடுவது வேறு கதை: ஒருவரின் வீட்டுச் சந்தாவை வைத்து அதைச் செய்யக் கூடாது. இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பலர் சிறு தொகைக்கு, சிலர் சும்மாவே, சப்டைட்டிலோடு நல்ல கோப்பைத் தருகிறார்கள்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கேரள அரசு 2024 மார்ச்சில் ‘சி ஸ்பேஸ்’ என்ற சொந்த ஓடிடி தளத்தைத் தொடங்கியது. சந்தா கிடையாது, பார்க்கும் படத்துக்கு மட்டும் கட்டணம். முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய் என்று தொடங்கி, அதில் பாதியைத் தயாரிப்பாளருக்கு என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் அப்படி எதுவும் இல்லை. இத்தனைக்கும் பாலசரஸ்வதியைப் பற்றிச் சத்யஜித் ரே 1976இல் எடுத்த ‘பாலா’, மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையத்தோடு சேர்ந்து தமிழக அரசே தயாரித்த படம். நம் வரிப்பணத்தில் உருவான அந்தப் படத்தின் துலக்கமான பிரதி ஒன்று, தமிழ் சப்டைட்டிலோடு, அரசின் பெயரிலேயே எல்லோருக்கும் திறந்த ஓரிடத்தில் இருக்க வேண்டும். அரசு இசைக் கல்லூரிகளின் இணையதளங்களே போதும். புதுத் தளம் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தங்களிடம் கேட்பது அந்த வெள்ளிக்கிழமைப் பெட்டியில் பத்தே வரிகள். வாரம் இரண்டு படம் போதும். தலைப்போடு இயக்குநர் பெயர், ஆண்டு, சரியான நிமிடக் கணக்கு, மொழி, சப்டைட்டில் மொழி, இடம், கட்டணம், எந்தத் தேதிவரை கிடைக்கும் என்பவை இருக்க வேண்டும். நிமிடக் கணக்கை விட்டுவிடாதீர்கள். வெட்டுப்பட்ட பிரதியையும் வேகம் கூடிய பிரதியையும் வாசகர் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். நீண்ட இணைய முகவரியை அச்சிட்டால் வரி மடங்கும் இடத்தில் ஒரு கோடு நுழைந்து முகவரி கெட்டுப்போகும். அதற்குப் பதில் கியூஆர் கட்டம் போடலாம். செய்தித்தாளில் மை பரவும் என்பதால் அது 2 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், சுற்றிலும் வெள்ளை விளிம்போடும், கறுப்பு மையில் மட்டுமே அச்சானதாகவும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
திரைப்படச் சங்க உறுப்பினர்கள்,
தஞ்சாவூர்.